பொறுமை யார் கணக்கில்?

நைஜர் நாட்டில், சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், உங்களுக்கு இரண்டு ஏக்கர் கம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர் பால் பிடிக்கும் நேரம். திடீரென்று வானம் இருட்டுகிறது. மழை மேகம் இல்லை, வெட்டுக்கிளிகள்!

அரசாங்கத்து ஆள் இரண்டு மருந்துகளோடு வருகிறார். ''இது ரசாயனம். சில மணி நேரத்தில் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். கூடவே தேனீ, மற்ற பூச்சிகள், சில பறவைகளும் போகலாம். இது பூஞ்சண மருந்து. வெட்டுக்கிளி இனத்தைத் தவிர வேறு எதையும் தொடாது. ஆனால், வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். எது வேணும்?''

நீங்கள் எதைக் கேட்பீர்கள்? நான் யோசிக்காமல் முதலாவதைத்தான் கேட்பேன். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 8 கோடி வெட்டுக்கிளிகள் வரை இருக்கும். அவை ஒரே நாளில் தின்பது 35,000 பேருடைய சாப்பாடு. இதில் இரண்டு வாரம் பொறு என்றால் எப்படி?

அந்த இரண்டாவது மருந்து கற்பனை இல்லை. பெயர் 'மெட்டாரைசியம்'. ஊறுகாய் ஜாடியில் பூக்கிற பூஞ்சணத்தின் தூரத்து உறவு. 1980-களின் கடைசியில் ஆப்பிரிக்காவை வெட்டுக்கிளி சூறையாடியபோது கோடிக்கணக்கான ஏக்கரில் விஷத்தைக் கொட்டினார்கள். அதற்கு முன்பு பல வருடங்களாக நம்பியிருந்தது டீல்ட்ரின். வருடக்கணக்கில் மண்ணிலேயே தங்கிவிடும் நஞ்சு என்பதால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. வேறு வழி தேடி 1989-ல் 'லுபிலோசா' என்ற ஆராய்ச்சித் திட்டம் ஆரம்பமானது. நைஜரில் நோயுற்ற ஒரு வெட்டுக்கிளி இனத்திலிருந்து எடுத்த பூஞ்சணத்தை வளர்த்து, 'கிரீன் மஸில்' என்ற மருந்தாக்கினார்கள்.

அது வேலை செய்யும் விதம் அழகானது, கொஞ்சம் பயங்கரமானதும்கூட. பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்துகள்களை எண்ணெயில் கலந்து தெளிக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 50 கிராம் போதும். துகள் பூச்சியின் மேல் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போய்ப் பரவுகிறது. பூச்சிக்குச் சில நாளில் பசி குறைகிறது. அதுவும் சும்மா இருப்பதில்லை. வெயிலில் போய் உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. நமக்குக் காய்ச்சல் வருகிற மாதிரிதான். சூட்டில் பூஞ்சணம் மெதுவாகிறது. கடைசியில் பெரும்பாலும் பூஞ்சணம் ஜெயிக்கிறது.

நல்ல மருந்துதான். ஆனால், 2003 முதல் 2005 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் மறுபடி வெட்டுக்கிளி படையெடுத்தபோது, சுமார் 1.3 கோடி ஹெக்டேரில் தெளித்ததில் பெரும்பகுதி ரசாயனம்தான். கிரீன் மஸில் அப்போதே இருந்தது. ஏன் அதை எடுக்கவில்லை?

''ஜனங்களுக்குப் பொறுமை இல்லை சார்'' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, வயல் பறிபோகிறவனிடம் இயற்கையை நேசி, பொறுத்திரு என்று சொல்வது, அடுத்தவன் பர்ஸிலிருந்து தர்மம் செய்வது மாதிரி.

அதற்காக விஷம் நியாயமாகிவிடுமா? ம்ஹூம். அதற்கும் பில் உண்டு. செத்த தேனீக்கும், மருந்தடித்த புல்லை மேயும் ஆட்டுக்கும், அதன் பாலைக் குடிக்கும் குழந்தைக்கும் அந்த பில் போகிறது. அவர்கள் யாரும் மருந்து கேட்டு வரிசையில் நிற்கவில்லை. அதனால் அவர்களிடம் யாரும் 'எது வேணும்?' என்று கேட்பதில்லை.

ஆக, எதைத் தெளித்தாலும் யாரோ ஒரு ஏழை தலையில் செலவு விழுகிறது. வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பாலைவன வெட்டுக்கிளி பிறந்ததும் பறப்பதில்லை. இறக்கை முழுதாக முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை குஞ்சுகள் தரையில் கூட்டமாகத் தத்திப் போகும், பெரும்பாலும் வயல்களே இல்லாத பொட்டல் வெளியில். பூஞ்சணம் கேட்பது ஒன்றிரண்டு வாரம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து லேட் இல்லை. நாம்தான் லேட்.

சீக்கிரம் போனால் நடக்கும் என்பதற்கு சாட்சி இருக்கிறது. 2009-ல் தான்சானியாவில் சிவப்பு வெட்டுக்கிளி பெருகியபோது, அது வயலுக்கு வருவதற்கு முன்பே, கட்டாவி தேசியப் பூங்கா உள்ளிட்ட பகுதிகளில் ஹெலிகாப்டரிலிருந்து பூஞ்சணத்தைத் தெளித்தார்கள். சுமார் 10,000 ஹெக்டேர். யானையும் நீர்யானையும் வாழும் பூமி அது. படையெடுப்பு அங்கேயே அடங்கியது. 2020-ல் சோமாலியாவும் தன் மேய்ச்சல் நிலங்களை நினைத்து இதையே பெரிய அளவில் பயன்படுத்தியது.

பிறகு என்ன தடை? காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இது உடனே புரிகிறது. வெட்டுக்கிளி வருடா வருடம் வருவதில்லை. வராத வருடத்தில் யார் இதை வாங்குவார்கள்? இது உயிருள்ள சரக்கு. சூட்டில் விட்டால் வீணாகும். பாலைவனத்தைக் கண்காணிக்க ஜீப் வேண்டும், ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். ஒன்றுமே நடக்காத ஐந்து வருடத்துக்கு இந்தச் செலவைக் காட்டினால் எந்த நிதி மந்திரியும் முதலில் அதைத்தான் வெட்டுவார். வெட்டிவிட்டு, ஆறாவது வருடம் வானம் இருட்டும்போது அந்த விவசாயியிடம் இரண்டு மருந்தையும் நீட்டுவோம்.

அந்த நேரத்தில் அவர் ரசாயனத்தைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். அவரைக் குறை சொல்ல நமக்கு அருகதை கிடையாது. பொறுமையை அவரிடம் கேட்கக் கூடாது. வானம் தெளிவாக இருந்த ஐந்து வருடமும் பத்திரமாக இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். பலன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குச் சலிக்காமல் பணம் கட்டுவதும் பொறுமைதான். சொல்லப்போனால், அதுதான் கஷ்டமான பொறுமை.

ஆப்பிரிக்கா தூரம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் தெருவில் மழைநீர் வடிகாலை ஏப்ரல் மாதம் தூர் வாரினால், 'இப்ப எதுக்கு வெட்டிச் செலவு?' என்று யாராவது கேட்பார். அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.