சுடாத துப்பாக்கியின் அறம்

கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியை, அது செய்யப்பட்ட அன்றிருந்த நிலையிலேயே காத்து வைப்பது அறமா, பற்றா, இரண்டிலும் சேராத பொழுதுபோக்கா என்னும் வினா, அரிய பழைய ரிவால்வர்களைச் சேகரிப்போரின் வழக்கத்தை உற்று நோக்கும்போது எழுகிறது. தோட்டாக்கள் இட்ட உருளை சுழன்று, அடுத்தடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவரும் கைத்துப்பாக்கியே ரிவால்வர். சாமுவேல் கோல்ட் இதற்கு 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சேகரிப்போர் இதில் தேடுவது 'அசல் நிலை', அதாவது தொழிற்கூடத்தை விட்டு வெளிவந்தபின் பிறர் கைவேலை படாத நிலை. எஃகின் கருநீல மெருகு தேய்ந்திருக்கலாம், ஆனால் புதிதாக ஏற்றப்பட்டிருக்கக் கூடாது. உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். பொறித்த எழுத்தின் விளிம்பு சாணையில் மழுங்கியிருந்தாலே விலை சரிந்துவிடும். இந்த அளவுகோலின்படி மிகக் குறைவாகச் சுட்ட துப்பாக்கியே மேலானது. ஆயினும் பேர்பெற்ற ஒருவர் அதை ஏந்தினார் என்று நிறுவப்பட்டால் மதிப்பு மேலும் ஏறுவதால், சேகரிப்போரின் விருப்பம் கறையின்மையையும் கறையால் வந்த புகழையும் ஒருசேர நாடுகிறது எனலாம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து முன்னாள் ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் இது வெறும் ஏட்டு வினாவாக நிற்பதில்லை. 1948 ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தின் இரு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தஞ்சை வட்டாரத்தில் பிறந்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி, ரிவால்வரும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில், 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். வைத்திருந்ததே அங்குக் குற்றம். இன்றும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. ஓரிடத்தில் கண்ணாடிப் பேழைக்கு அழகு சேர்க்கும் பொருள், வேறோரிடத்தில் கழுத்துக்குக் கயிறாகியிருக்கிறது.

கருவியிடமே தீமை உறைகிறதா என்பதற்கு இந்தியச் சமயங்கள் ஒரே விடை தரவில்லை. சமணம் இல்லறத்தார்க்கு விலக்கியவற்றுள் 'அனர்த்த தண்டம்' ஒன்று. தேவையின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு சூழும் செயல்களை அது குறிக்கும். கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குவதும் அவற்றுள் அடங்குவதால், தீமை வெட்டு விழும் கணத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது அந்நெறியின் முடிபு. சைவ சித்தாந்தமோ உடல், அகக்கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக மாயையிலிருந்து தோற்றுவிக்கப்பட்டவை என்றும், வினை பற்றுவது உயிரையே என்றும் கொள்கிறது. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்தன்று முருகனின் வேலை வணங்குவோர் அதை ஞானத்தின் வடிவாகக் காண்பதற்கு இந்நோக்கே இடமளிக்கிறது. இதன்படி இரும்புக்குப் பாவமில்லை. ஆராய வேண்டியது அதை வைத்திருப்பவரின் நெஞ்சம்.

அந்நெஞ்சத்தைத் தமிழில் சோதித்தவர்களுள் ஒருவர் சங்கப் புலவர் ஔவையார். மன்னன் அதியமானின் தூதராக மன்னன் தொண்டைமானிடம் சென்ற அவர், பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலில் இருந்த அவனுடைய படைக்கலங்களையும், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் கூடத்தில் கிடந்த அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டு, புகழ்வதுபோல் இகழ்ந்தார் என்பதை புறநானூற்றின் 95-ஆம் பாட்டு காட்டுகிறது. அவர் கணக்கில் அசல் நிலை பெருமையன்று, போர் அறியாமையின் அடையாளம். ஆனால் பிணங்களைக் கொண்டு மதிப்பிடும் அவ்வளவுகோலைக் கொல்லாமையைப் போற்றுவோர் அப்படியே ஏற்க இயலாது. பொருளின் மதிப்பு அது கடந்துவந்த வாழ்விலிருந்து வருகிறது என்னும் பகுதி மட்டுமே எக்காலத்துக்கும் பொருந்தும்.

ரப்பர்த் தோட்டத்து ஆயுத பூசை, அவ்வளவுகோலின் அந்தப் பகுதியைக் கொலையின்றியே நிறைவேற்றிக் காட்டியது. தீட்டித் தீட்டி அலகு தேய்ந்த பால்வெட்டும் உளி, கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று, அம்மன் முன் வைக்கப்படும். பூசை விடுப்பு முடிந்ததும் மீண்டும் மரத்தடிக்குப் போகும். அதன் பிடி மாற்றப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. பூசையில் கருவியை ஒதுக்கி வைப்பது உழைப்புக்குச் செய்யும் மரியாதை; சேகரிப்பில் ஒதுக்கி வைப்பதற்கு முடிவே இல்லாததால், மரியாதை எளிதில் உடைமை வேட்கையாகத் திரிந்துவிடுகிறது.

எனினும் பழைய ரிவால்வரை மெருகு மாற்றாமல் காப்பதற்கு ஒரு நியாயம் எஞ்சுகிறது. தோலுறையில் உரசிக் குழல்முனையில் வெளுத்த எஃகு, அது எத்தனை காலம் ஒருவர் இடுப்பில் தொங்கியது என்பதற்குச் சான்று. புதிய மெருகு அச்சான்றை அழித்துவிடும். ஆனால் ஏந்தியவரின் பெயரை மட்டும் குறித்து, அதன்முன் நின்றவரின் பெயரை விடுத்தால் சான்று பாதியாகிறது. அவசரகாலத்து ரிவால்வர் ஒன்றைக் காட்சிக்கு வைப்போர், சுங்கை சிப்புட்டில் மாண்ட துரைமாரையும் புடு சிறையில் மாண்ட கணபதியையும் ஒரே குறிப்பட்டையில் எழுதத் துணியும்போதுதான், அசல் நிலை என்னும் சொல்லாட்சி அறத்தின் கணக்கிலும் செல்லுபடியாகும்.