கையெழுத்துக்கு முன்னே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில், வாலிபர் ஒருவர் அருகே வந்து ஸலாம் சொல்லி ஒரு சந்தேகம் கேட்டார். ஆறு மாதமாக அவருக்கு வேலையில்லை. இப்போது ஒரு கம்பெனியில் கணக்கர் வேலைக்குப் பேட்டிக்கு அழைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் பதிவு செய்து பல வருஷம் காத்திருந்த அவர் தாயாருக்கோ இவ்வருஷம் முறை வந்துவிட்டது. எழுபதைக் கடந்த அந்த அம்மாவுடன் போவதற்கு இவரை விட்டால் வேறு ஆளில்லை. "ஹஸ்ரத், மூன்று வாரம் லீவு வேண்டுமென்று இப்பொழுதே சொன்னால் வேலை போய்விடும். சேர்ந்த பிறகு சொன்னால் அவர்களால் மறுக்க முடியாது. பர்ளான காரியத்துக்குத்தானே மறைக்கிறேன், கூடாதா?" என்றார்.

அவசரமாகப் பதில் சொல்லத்தக்க கேள்வியல்ல இது. ஆறு மாதம் வேலையில்லாதவனின் பயம் நமக்குத் தெரியும்.

ஸூரத்துல் கஸஸில் வரும் மத்யன் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். நபி மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டுத் தப்பி, கையில் ஒன்றுமில்லாமல் மத்யனுக்கு வந்தார்கள். இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கி ரப்பிடம் தம் தேவையை முறையிட்டார்கள். அந்தப் பெண்களின் தந்தை அழைத்து வேலை தருகிறார். எப்படித் தருகிறார்? எட்டு வருஷம் ஊழியம். பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம்முடைய விருப்பம். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று காலத்தை முதலிலேயே அறுதியிட்டுப் பேசுகிறார். மூஸா நபியவர்களும் அதைத் தெளிவாக ஏற்று அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். தங்க ஓரிடமில்லாத அகதியாக இருந்தும், "முதலில் வேலை கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று அங்கே பேச்சு நடக்கவில்லை.

இன்னொன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள். மழை பெய்தது அவன் குற்றமல்ல. அதை அடியில் வைத்ததுதான் குற்றம். உம் தாயாருக்கு முறை வந்ததும் குற்றமல்ல, தம்பி.

தொழுகை நேரம் கூலி ஒப்பந்தத்தில் அடங்காது, அது தானாகவே விலக்கப்பட்டது என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் இருக்கிறதே, பிறகு எதற்காகச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் உமக்கு வேலை தருகிறவர் அந்த நூலைப் படித்தவரா? லுஹரை மதிய இடைவேளையில் தொழுதுகொள்ளலாம். அதற்கு அறிவிப்பு வேண்டுவதில்லை. ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்ப இடைவேளை போதாதென்றால் அதை முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். மூன்று வார ஹஜ்ஜுப் பயணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எப்பொழுது சொல்வது? மனுவின் முதல் வரியிலேயே லீவு கேட்பவரும் உண்டு. அது வாய்மையன்று, அசட்டுத்தனம். நம்மைக் கண்ணால் பாராதவரிடம் எதற்காக அந்தப் பேச்சு? தகுதியைப் பார்க்கட்டும். வேலை உமக்குத்தான் என்று சொல்லிச் சம்பளமும் நேரமும் பேசுவார்களல்லவா, அதுதான் இடம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சொல்லிவிட வேண்டும். பேட்டியிலேயே, இவ்வருஷம் நீண்ட லீவு எடுக்கும் உத்தேசம் உண்டா என்று கேட்டுவிட்டால் அங்கேயே சொல்ல வேண்டும். "இல்லை" என்றால் அது பொய்.

சட்டத்தையும் பாருங்கள். முதல் வருஷத்தில் சம்பளத்தோடு கூடிய லீவு சிங்கப்பூர்ச் சட்டப்படி குறைந்தது 7 நாள், மலேசியாவில் 8 நாள். மூன்று வாரம் என்பது அதற்கு மேல் அவர்கள் மனமொப்பித் தரவேண்டியது. சேர்ந்தபின் "மறுக்க முடியாது" என்று வாலிபர் நினைத்தது தப்புக்கணக்கு. தாராளமாக மறுக்கலாம். அப்பொழுது பயணமா, வேலையா என்று தாயாருடைய இஹ்ராம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க நேரும். அந்த நெருக்கடியில்தான் சிலர் வைத்தியரிடம் பொய் எம்.சி. வாங்குகிறார்கள். பொய்ச் சீட்டுடன் அரஃபாவில் நின்று என்ன துஆக் கேட்பது?

ஜும்ஆவுக்கென்று அனுமதி வாங்கி, தொழுகை முடிந்தபின் மூன்று மணிவரை தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது திருமறை. நீர் தாமதித்த ஒரு மணி நேரத்துக்கு, அடுத்துப் பேட்டிக்கு வரும் முஸ்லிம் பையன் பதில் சொல்ல நேரிடுகிறது.

"சொல்லி, வேலை கிடைக்காமல் போனால்?" என்றார் வாலிபர். போகலாம், தம்பி. போகாது என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. ரிஜ்கு அல்லாஹ்விடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது நமக்குச் சுலபம்; நமக்கு மாதச் சம்பளம் வருகிறது. ஆகவே அந்தக் கேள்வியை நம் ஜமாஅத்தில் கடையும் கம்பெனியும் நடத்துகிற முதலாளிமார்களிடம் திருப்புகின்றோம். இப்படி ஒரு பையன் உங்களிடம் வந்து உண்மையைச் சொன்னால் எடுத்துக்கொள்வீர்களா? வெள்ளிக்கிழமை மதியம் உங்கள் கல்லாவிலும் அடுப்படியிலும் நிற்கிறவர்கள் ஜும்ஆவுக்குப் போகிறார்களா? சில கடைகளின் நிலை நமக்குத் தெரியும். பெயர் சொல்ல விரும்பவில்லை.

வாலிபருக்குச் சொல்லவேண்டிய வார்த்தைகளையும் எழுதிக் கொடுத்தோம். தங்கள் நிபந்தனைகள் எனக்குச் சம்மதம். துல்ஹஜ்ஜை ஒட்டி மூன்று வாரம் தாயாருடன் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் வேண்டாம். போகுமுன் கணக்கை முடித்து ஒப்படைத்துவிடுவேன். அவ்வளவுதான், பர்ளு, சுன்னத்து விளக்கமெல்லாம் அங்கே வேண்டாம்.

பேட்டி வருகிற செவ்வாய்க்கிழமை. துஆச் செய்யுங்கள்.