யாரும் வரையாத கட்டங்கள்

நான் வரைந்து அச்செடுத்த சித்திரக்கதைப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். ஜன்னலோர நாற்காலியில் ஒரு பாட்டி கண்ணயர்ந்திருக்கும் காட்சி. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்த அம்மா, “முகத்துல என்னடி கட்டம் கட்டமா?” என்றாள். கட்டம் எதையும் நான் போடவில்லை. நிழல்தான் போட்டிருந்தேன்.

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா பெரும்பாலும் ஒரே கறுப்பு மையில் அச்சாவது. சாம்பல் வேண்டுமென்றால் புள்ளிகளால்தான் ஆக வேண்டும். கணினிக்கு முந்தைய நாட்களில் ஸ்கிரீன்டோன் என்றால், புள்ளிகள் அச்சிட்டு அடியில் பசை தடவிய மெல்லிய படலம். அதைப் படத்தின்மேல் வைத்து, வேண்டிய வடிவத்துக்குக் கத்தியால் அறுத்து, தேய்த்து ஒட்டுவார்கள். மேகத்தின் விளிம்பும் கன்னத்து ஒளியும் கத்தி முனையால் புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி வந்தவை. மங்கா ஓவியர் ஜிரோ தனிகுச்சியின் பக்கங்களில் ஒரு தெருவின் மரங்களையும் சுவர்களையும் பார்க்கும்போது அந்தப் பொறுமைக்குக் கைகூப்பத் தோன்றும்.

அந்தக் கத்தி வேலையைத்தான் நான் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் மென்பொருளில் லேயராகப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். பக்கம் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சல். டோன், அங்குலத்துக்கு 60 வரிசை, 45 பாகைச் சாய்வு. ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய நூறு பிக்சல். 30 சதவீத நிழலென்றால் அதில் முப்பது கறுப்பு. கண் அதைச் சாம்பலாக்கிக்கொள்கிறது.

பாட்டியின் தோலுக்கு 60 வரிசையில் ஒரு டோன் போட்டிருந்தேன். கன்னத்து நிழலுக்கு வேறொரு டோனை எடுத்து அதன்மேல் வைத்தேன். அது 65 வரிசை என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து. அதனால் அங்குலத்துக்கு ஐந்து முறை புள்ளிமேல் புள்ளி விழுந்து வெளுக்கிறது, ஐந்து முறை இடைவெளியில் புள்ளி விழுந்து இருள்கிறது. மொயரே என்கிறார்கள் இதை. லேயர் பட்டியலில் கண் குறியை அழுத்தி மேல் டோனை மறைத்தேன்: கீழே இருந்தது அப்பழுக்கில்லாமல் இருந்தது. மேல் டோனைத் திரும்ப வைத்துக் கீழ் டோனை மறைத்தேன். அதுவும் அப்படியே. மாற்றி மாற்றி வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். கட்டங்கள் இரண்டிலும் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தால் மட்டும் இருந்தன.

அந்த வாரம் அக்காவோடு எனக்குப் பேச்சு இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. இரவு இட்லியை 7.30க்குக் கொடுத்துவிட வேண்டும் என்பாள் அக்கா. அம்மா படுக்கப் பத்தாகிவிடுகிறது, எட்டு மணிக்குக் கொடுத்தால் போதும் என்பேன் நான். அரை மணி நேரம். அதற்காக, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா நான்கு நாட்களாக எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் துபாயிலிருந்து வாரம் ஒருமுறை பேசும் அண்ணன், “ஒரு நல்ல ஹோமா பார்த்துச் சேர்த்துடலாமே” என்று சொன்னபோது எங்கள் இருவருக்குமே கோபம் வரவில்லை. கேட்டுக்கொண்டோம், விட்டுவிட்டோம்.

டோனிலும் அப்படித்தான். வரிசை எண்கள் நெருங்க நெருங்கக் கட்டங்கள் பெரிதாகின்றன: 60க்கும் 61க்கும் அங்குலத்துக்கு ஒன்றே ஒன்று, ஆனால் அங்குல அகலத்துக்கு. பல வண்ண அச்சில் நீலம், சிவப்பு, கறுப்பு மூன்றின் புள்ளிச் சாய்வுகளையும் 30 பாகை விலக்கி வைப்பது இதனால்தான். விலக்கினால் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அண்ணன் விலகியிருக்கிறான். நானும் அக்காவும் ஒரே அம்மாவை, ஒரே அக்கறையோடு, அரை மணி தள்ளிப் பார்த்துக்கொள்கிறோம்.

திரையில் பக்கத்தைச் சுருக்கிப் பார்த்தால், பக்கத்தில் இல்லாத கட்டங்களும் தெரியும். அவை டோனும் திரையின் பிக்சல்களும் மோதுவதால் வருபவை. முழு அளவில் வைத்துப் பார்த்தால்தான் எது உண்மை என்று தெரியும். எங்கள் சண்டையில் பாதி போனில் நடந்தது. நேரில் அக்கா அந்தக் குரலில் பேசியதே இல்லை.

இத்தனை நாளும் அக்காவின் பேச்சில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைக்காத எரிச்சலில் என்னுடையதில் தேடினேன். இருவரில் ஒருத்தி தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த நம்பிக்கையில் அவ்வளவு உறுதியாக இருந்தேனோ தெரியவில்லை.

பக்கத்தைச் சரிசெய்தேன். கன்னத்தில் நிழல் விழும் இடத்தில் மட்டும் கீழ் டோனை அழித்துவிட்டேன். மேலே இருந்ததையும் 60 வரிசைக்கு மாற்றி, அடர்த்தியை 25 சதவீதமாக்கினேன். ஓரிடத்துக்கு ஒரு டோன். மறுபடி அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். விரலால் அந்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். “இப்போ தூங்குறா” என்றாள்.

மணி 7.25. அடுப்பில் இட்லிப் பானையை ஏற்கெனவே வைத்திருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.