கேளாமற் கொண்ட ஐயம்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. அது மெய்ப்பொருளின்பால் கொள்ளும் உறுதி என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். உடன்வாழும் மனிதர்பால் எழும் ஐயத்தை என் செய்வது? அது காப்பா, கொலையின் முதற்படியா?

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் ஒசூரில் மகன் இல்லத்தில் வாழ்கிறேன். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் இது பிழைக்க வந்தோர் ஊர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலித்த தெருக்களில் இன்று ஒடியாவும் இந்தியும் ஒலிக்கின்றன. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பிள்ளை பிடிப்போர் வடக்கிலிருந்து வந்துள்ளனர் என்னும் வதந்தி தமிழகத்தில் கைப்பேசி வழியே பரவியது. அது பொய் எனக் காவல்துறை அறிவித்தும், சில இடங்களில் வெளிமாநிலத்தவர் தாக்கப்பட்டனர்.

அந்நாள்களில் எங்கள் தெருவுக்குப் புதிய சிறுவன் ஒருவன் வந்தான். பதினாறு, பதினேழு வயதிருக்கும். மாலைதோறும் தொடக்கப் பள்ளி மதிலோரம் நின்று, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருப்பான். ஒருவர் அவனைப் படமெடுத்துப் பலருக்கு அனுப்பினார். நானும் பேரனை உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட்டேன். அண்டை வீட்டாரையும் எச்சரித்தேன். அவனிடம் மட்டும் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பழைய நினைவொன்று என்னைச் சுட்டது. வகுப்பில் ஒரு பொருள் காணாமற்போனால், புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையின் பையை முதலில் திறவாதீர் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்திருந்தனர். பணியேற்ற இரண்டாம் ஆண்டிலேயே அதை மறந்தேன். கணிதப் பெட்டி ஒன்று காணவில்லை என்றதும், வேற்றூர் மாணவனின் பையை எல்லோர் முன்னும் கவிழ்த்தேன். பெட்டியோ உரியவனின் பெஞ்சுக்கடியிற் கிடந்தது. அம்மாணவன் அழவில்லை; புத்தகங்களை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்கினான். அவ்வாண்டு முழுதும் என் வகுப்பில் அவன் கை உயர்த்தவேயில்லை.

கதவைத் திறந்து சென்றேன். அறிந்த சில இந்திச் சொற்களில், “எந்த ஊர் தம்பி?” என்றேன். ஒடிசாவிலிருந்து வேலை தேடி அண்ணனிடம் வந்தவன். அறைச் சாவி ஒன்றே, அது அண்ணனிடம். அவர் ஷிப்டு முடிந்து வரும்வரை நிற்க நிழலும் குடிக்கக் குழாய்நீரும் அம்மதிலோரம் இருந்தன. அவ்வளவே.

கேளாமையின் விளைவு எத்தகையது? நம்மவர் திருமலை யாத்திரையிற் கடந்து செல்லும் போளூருக்கு அருகே, 2018 மே மாதத்தில், குலதெய்வ வழிபாட்டுக்குக் காரில் வந்த முதிய அம்மையார் ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக ஊரார் அவரை அடித்தே கொன்றனர். அதே மாதம் கடலோரப் பழவேற்காட்டிலும் ஒருவர் இவ்வாறே கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவெங்கும் பரவிய காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படமாகும். அதன் முடிவில் பிள்ளை திரும்ப ஒப்படைக்கப்படுகிறது. அப்பகுதியை வெட்டிவிட்டே பரப்பினர். ஒரு பகுதியை முழுமையெனக் கொள்வதே ஏகாந்தம். அதன் கேட்டை அநேகாந்தம் கற்ற நமக்கு இதனினும் தெளிவாக விளக்க இயலுமோ?

கவுந்தியடிகள் அடைக்கலமாக அளித்த புதியோரை ஏற்றவள் ஆயர்குலத்து மாதரி. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றவன் பாண்டியன். மதுரையில் அன்று குறைந்தது ஒரு கேள்வி மட்டுமே.

பிள்ளைகளைக் காப்பது பெற்றோர் கடமை. ஐயம் எழுதலும் இயல்பு. ஆயினும் எழுந்த ஐயத்தை ஐயத்திற்குரியவரிடம் முதலில் வினவுவோம். அதன்பின்னும் தீராதெனின் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்திற்கோ தெரிவிப்போம். தெருவிடம் ஒப்படையோம். கொல்லாமை என்பது மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றாலும் காக்கப்படுவது. தடியேந்திய கை இறுதியிலேதான் வருகிறது. மனமும் வாக்கும் முன்னரே அடித்து முடித்திருக்கும்.

படத்தை அனுப்பியவரிடம் உண்மையைக் கூறினேன். அவர் வருந்தித் தம் கைப்பேசியினின்று அதனை நீக்கினார். பிறர் கைகளுக்குச் சென்றதை மீட்க அவரால் இயலவில்லை. மறுவாரம் அண்ணனும் தம்பியும் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். காரணம் கூறவில்லை, கேட்கும் தகுதியும் எனக்கிருந்ததாகத் தோன்றவில்லை.

வேலைக்கும் கல்விக்கும் ஊர் மாறி வாழும் குடும்பங்கள் நம்முள்ளும் பல. நம் பிள்ளையும் எங்கோ ஒரு மதிலோரம் நிற்கக்கூடும். அவனிடம், “எந்த ஊர் தம்பி?” என்று கேட்க ஒருவரேனும் கதவைத் திறப்பாராக.