கோபம் கனிந்தால்

18ஆம் நூற்றாண்டு லண்டன் மேடையில் புகழ்பெற்ற நடிகர், நாடகாசிரியர் சார்லஸ் மேக்ளின். அயர்லாந்துக்காரர். மூக்குநுனியில் கோபம். 1735இல் நாடகக் கொட்டகையின் ஓய்வறையில், ஒரு பொய்முடிக்காகச் சக நடிகருடன் தகராறு. கைத்தடியால் ஓங்கிக் குத்தினார். அது கண்ணில் பாய்ந்து, அந்த நடிகர் இறந்தே போனார். கொலை வழக்கில் மேக்ளின் தூக்கிலிருந்து தப்பினார், பழி தப்பவில்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, காலம் அவரை மறுபடி சோதித்தது. 1773இல் ஒரு கும்பல் திட்டமிட்டுக் கூச்சலிட்டு அவரை மேடையிலிருந்து விரட்டியது, வேலையும் பறிபோனது. இம்முறை அவர் கைத்தடியை ஓங்கவில்லை, நீதிமன்றப் படியேறினார். 1775இல் தீர்ப்பு அவர் பக்கம். எதிரிகளின் பணமும் மானமும் அவர் கையில்.

மேக்ளின் கேட்டது இவ்வளவுதான்: வழக்குச் செலவைக் கொடுங்கள், என் மகள் நடிக்கும் நாடகத்துக்கு நூறு பவுனுக்கு, என் நாடகத்துக்கு நூறு பவுனுக்கு, என்னை வேலைநீக்கம் செய்த அரங்கத்தாரின் நாடகத்துக்கும் நூறு பவுனுக்கு டிக்கெட் வாங்குங்கள்! இதைவிடச் சிறப்பாக நீர் நடித்ததே இல்லை என்று நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு மனமாரப் பாராட்டினார்.

கோபம் யாருக்கும் வரும். பழிவாங்கும் வாய்ப்பு கைக்கு வந்த நாளில் எதிராளியின் தலை நிமிர வழிவிடுபவரே உண்மையில் வென்றவர்.