கொடிக்கு அகத்தி, வீரருக்கு அணி

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆடிய ஷகீல் ஓ'நீல் ஏழடி உயரம். கூடைக்கு அடியில் அவர் நின்றுவிட்டால், மூன்று பேர் தள்ளினாலும் நிலைக்கு வந்த தேர்போல அசையமாட்டார். ஆனால் 15 அடி தூரத்துக் கோட்டில் நின்று, தடுக்க ஆளே இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் கிட்டத்தட்டப் பாதியைத் தவறவிடுவார். அதற்காகவே எதிரணியினர் வேண்டுமென்றே ஃபவுல் செய்து, அவரை அந்தக் கோட்டுக்கு அனுப்பிவைப்பார்கள்! யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய அந்த யானைதான் நான்கு முறை என்பிஏ பட்டம் வென்றது. தோள்கொடுக்கத் தோழர்கள் இருந்தார்கள்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஆத்தூர் வெற்றிலையும் அப்படித்தான். கொடிக்குத் தனியே நிற்கத் தெம்பில்லை. அகத்தியைப் பற்றியே ஏறுகிறது. ஆனால் தாமிரபரணித் தண்ணீர் குடித்த அந்த இலையின் காரம் அகத்திக்கு வராது.

குறைக்குத் துணை தேடு. நிறையைத் தயங்காமல் கொடு.