அறிந்தும் கூறாமை



பண்ருட்டியில் ஒரு சிராவகர் இல்லத்தில், பொழுது சாயுமுன் உணவு முடித்தபின், சத்தியாணுவிரதத்தைப் பற்றிச் சிறிது நேரம் உரையாற்றும் பேறு சென்ற கார்த்திகைத் திங்களில் நமக்குக் கிட்டியது. உரை முடிந்து யாவரும் எழுந்து சென்ற பின்னும் ஓர் இளைஞர் மட்டும் தூணருகே தயங்கி நின்றார். அழைத்து அமரச் செய்து வினவினோம். கார் விற்பனை நிலையம் ஒன்றில் விற்பனையாளராகப் பணிபுரிகிறாராம். நெய்வேலி நகரியத்து ஊழியர்களும், பண்ருட்டி முந்திரி வணிகர்களுமே அவரிடம் மிகுதியாக வண்டி வாங்குவோர்.

"ஐயா, நான் பொய் சொல்வதில்லை. கேட்டவருக்கு உண்மையே சொல்கிறேன். கேளாதவரிடம் சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். இதனால் விரதம் கெடுமா?" என்றார்.

எதைச் சொல்லாமல் விட்டீர் தம்பி என்று கேட்டோம். சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பணிக்கொடையாக வந்த தொகையில் முதன்முறையாகக் கார் வாங்க வந்திருக்கிறார். அவருக்குக் கொடுத்த வண்டி தொழிற்சாலையில் செய்யப்பட்டுப் பதினொரு திங்கள் ஆகி, வெயிலிலும் மழையிலும் கிடங்கில் நின்றது. பெரியவர் அதைக் கேட்கவில்லை. மேலாளரோ கூற வேண்டாம் என்றார். பெரியவர் சாவியைப் பெற்றுக்கொண்டு, இவருடைய இரு கைகளையும் பற்றி நன்றி கூறிச் சென்றாராம். "அந்தக் கைதான் உறங்க விடவில்லை" என்றார் இளைஞர்.

அன்றிரவு நாம் கூறிய விடை குறைவுடையது. பின்னர் நூல்களைப் புரட்டிச் சிந்தித்ததை அவருக்காகவும் ஏனையோருக்காகவும் இங்கே விரித்துரைக்கிறோம்.

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்கியறியாதார் நம்மில் இலர். விற்பவர் பழத்தைத் தட்டிக் காட்டுவார். முகர்ந்து பார்க்கச் சொல்வார். நல்ல சுளை என்பார். உள்ளே எத்தனை சுளை, எத்தனை சடை என்பது பிளக்கும் வரை அவருக்கும் தெரியாது. அறியாமையில் இருவரும் ஏறத்தாழச் சமமானவர்கள். கார் வாணிகம் அத்தகையதன்று. வண்டி எந்தத் திங்களில் செய்யப்பட்டது, கிடங்கில் எத்துணை நாள் நின்றது, வரும் வழியில் கீறல் பட்டுப் பூச்சு பூசப்பட்டதா, அடுத்த திங்களில் புதிய மாடல் வருமா என்பனவெல்லாம் விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. அறிவு ஒரு பக்கமே இருக்கும் இடத்தில், 'அவர் கேட்கவில்லை' என்பது எவ்வாறு விடையாகும்? கேட்பதற்கு இன்னது இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாதே!

அமிருதசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் பொய்யை நான்காகப் பகுக்கிறார். உள்ளதை இல்லை என்பது முதலாவது. இல்லாததை உண்டு என்பது இரண்டாவது. ஒன்றை மற்றொன்றாகக் கூறுவது மூன்றாவது. இதற்குப் பசுவைக் குதிரை என்பதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். பழிப்பும் பாவமும் கடுமையும் கலந்த சொல் நான்காவது. விற்பனை நிலையத்தில் ஒரு நாள் அமர்ந்திருந்தால் முன் மூன்றையும் காணலாம். கிடங்கில் இருக்கும் விலை குறைந்த வகையை 'வருவதில்லை' என்பர். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நம் சாலைகளில் ஒருபோதும் கிட்டாத அளவைக் கூறுவர். சென்ற ஆண்டு வண்டியை இவ்வாண்டு வண்டி என்பர்.

கடைசியிற் கூறியது கற்பனையன்று. 2011இல் கோவாவில் ஒருவர் அவ்வாண்டு மாடல் காருக்குப் பணம் செலுத்த, அவருக்கு அளிக்கப்பட்டது 2009ஆம் ஆண்டு மாடல். அதுவும் முன்பே ஓடிய வண்டி. அவர் அதனை ஏற்க மறுத்து நுகர்வோர் மன்றத்தை நாடினார். வழக்கு படிப்படியாக மேலேறி, 2021 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விற்பனையாளர் செய்த தவறு உற்பத்தி நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என மெய்ப்பிக்கப்படாமையால், அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்க இயலாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு காருக்காக ஏறத்தாழப் பத்தாண்டுகள்! பசுவைக் குதிரை என்று சொல்ல ஒரு நொடி போதும். அதை அவிழ்க்க எத்துணைக் காலம் பாருங்கள்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. பண்ருட்டிக்கு அண்மையிலுள்ள திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலிகை என்பது அறிஞர் கருத்து. அப்பாடலிகையில் இருந்துதான் சர்வநந்தி என்னும் முனிவர் லோகவிபாகத்தைப் பிராகிருதத்தில் இயற்றி முடித்தார். முடித்த ஆண்டு சகம் 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று பின்வந்த சிம்மசூரியின் வடமொழி நூல் குறித்து வைத்திருக்கிறது. கிறித்தவ ஆண்டில் அது 458. ஒரு நூல் பிறந்த காலத்தை இவ்வாறு இருமுறை அளந்து எழுதியது நம் மரபு. ஒரு வண்டி பிறந்த திங்களைச் சொல்வதற்கு அதே மண்ணில் ஓர் இளைஞர் மேலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழில் உற்பத்தித் திங்களும் ஆண்டும் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். ஆயினும் அத்தாள் நம் கைக்கு வருவது பணம் முழுவதும் கட்டிய பிறகே. ஆதலின் முன்பணம் கொடுக்குமுன்பே அதனைக் கேட்டறிதல் நலம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் சத்தியாணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று நியாசாபகாரம். அடைக்கலமாகப் பொருள் வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்டால், 'ஆம், அவ்வளவே' என்று கொடுத்து எஞ்சியதை வைத்துக்கொள்வது அது. இக்காலத்தில் யார் அடைக்கலம் வைக்கிறார்கள் என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. பின்னர் அது நமக்கே நேர்ந்தது. ஒரு நிலையத்தில் காருக்கு முன்பதிவு செய்து, குடும்பச் செலவு வந்தமையால் சில திங்களுக்குப் பின் விலக்கிக்கொண்டோம். கட்டியது 5,000 ரூபாய். நம் நினைவில் இருந்ததோ 3,000. கணக்கர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார், நம்மையும் பார்த்தார், 3,000 ரூபாயை எண்ணித் தந்தார். இரசீது ஒரு புத்தகத்தினுள் அகப்பட்டபோது ஓராண்டு கடந்திருந்தது. பணம் போனதைவிட, அவர் நம்மைப் பார்த்த அந்தக் கணமே இன்றும் நினைவில் நிற்கிறது. அந்தக் கணத்தில் அவர் ஒரு சொல்லும் பொய் கூறவில்லை. சூத்திரம் அதையே குற்றமென்கிறது. இளைஞரின் வினாவுக்கு இதனினும் நேரான விடை நமக்குக் கிட்டவில்லை.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். 'இங்கேயே எடுக்க வேண்டும், இல்லையேல் வண்டி தாமதமாகும்' என்பர். அவ்வாறு வற்புறுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் விற்பனை நிலையங்களுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. வேறிடத்தில் விலை கேட்டுவர ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தாமதம் எப்படியோ மறைந்துவிடும்.

பழுது பார்க்கும் பணிமனையோ அசௌரியாணுவிரதத்தின் களம். குறைத்தளந்து கொடுத்தல், கூட்டியளந்து கொள்ளுதல் ஓர் அதிசாரம். போலியைக் கலந்து விற்றல் மற்றோர் அதிசாரம். ஊற்றாத எண்ணெய்க்கு விலை எழுதுவதும், துடைத்து மாட்டிய வடிகட்டியைப் புதியது என்று கணக்கிடுவதும், போலி உதிரிப்பாகத்தை அசல் பெட்டியில் வைத்துத் தருவதும் இவற்றுள் அடங்காமல் வேறெங்கே அடங்கும்? கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறும் வழக்கம் நம் பாட்டன்மார் காலத்தில் இருந்தது. இன்று அதைக் கேட்க நாணுகிறோம்.

இனி, பாவம் யாரைச் சேரும்? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையைப் பிணிக்கும் என்பது நம் கொள்கை. பொய்யைத் தான் சொல்லாமையோடு பிறரைச் சொல்லச் செய்யாமையும் சத்தியாணுவிரதம் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் வகுத்தார். இத்தனை வண்டி விற்றாலன்றி ஊதியம் குறையும் என்று திங்கள்தோறும் அளவு வகுக்கும் முதலாளி, தம் வாயால் ஒரு பொய்யும் கூறாதவராக இருக்கலாம். 2015ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் செய்தி உலகெங்கும் பரவியதே, நினைவிருக்கும். சோதனை நடக்கிறது என்று உணர்ந்தால் மட்டும் புகையின் நஞ்சைக் குறைத்துக் காட்டும் கணிப்பொறிக் கட்டளையை டீசல் கார்களில் அமைத்திருந்தனர். உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. பொய்யாவணம் எழுதுதலைக் கூடலேகக் கிரியை என்பர் நூலோர். அந்தக் கார்களை விற்ற ஆயிரக்கணக்கான விற்பனையாளர்களுக்கு அது பொய் என்பதே தெரியாது. அவர்களைவிட எழுதுவித்தவர் சுமைதான் பெரிது.

ஆனால் நம் இளைஞருக்குத் தெரிந்திருந்தது.

வாங்குவோராகிய நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். இதைக் கூறாவிடில் இவ்வுரை வெறும் குறைகூறலாகிவிடும். பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, அது மரத்தில் மோதியதை நாம் சொல்கிறோமா? 'காப்பீட்டுக் காலம் முடியப் போகிறது, பழைய கீறல்களையெல்லாம் நேற்று நடந்த விபத்து என்று எழுதிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்' என்று பணிமனையில் யாரேனும் காதில் சொன்னால், படிவத்தில் கையெழுத்திடாத சிராவகர் எத்தனை பேர்? கூடலேகத்தை எழுதியவர் அவர், ஒப்பமிட்டவர் நாம். அருகன் திருமுன் நின்று விரதம் ஏற்ற அதே கைதான் அந்த ஒப்பத்தையும் இடுகிறது. இதை நம் இல்லங்களில் ஒருவரும் குற்றமாகப் பேசக் கேட்டதில்லை. கெட்டிக்காரத்தனம் என்று பேசக் கேட்டிருக்கிறோம்.

மாயை என்னும் கஷாயம் விலங்குகதிக்கு வித்து என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை இளைஞருக்கு எடுத்துரைத்தோம். அவரை அச்சுறுத்த அன்று. நஞ்சு சொல்லில் இல்லை, மறைக்கும் எண்ணத்தில் இருக்கிறது என்பதை உணர்த்தவே. வேலையை விடச் சொல்லவில்லை. அவர் தந்தை இல்லாதவர். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். விலைப்பட்டியலைத் தரும்போது வண்டியின் உற்பத்தித் திங்களைக் கையால் அதன் மேல் எழுதித் தர இயலுமா என்று மட்டும் கேட்டோம். எழுதிப் பார்க்கிறேன் என்றார். அந்தப் பெரியவரிடம் சென்று உண்மையைக் கூறுவதா என்பதை அவர் முடிவுக்கே விட்டோம்.

மாசித் திங்களில் கடிதம் வந்தது. நெய்வேலிக்குச் சென்று பெரியவரைக் கண்டிருக்கிறார். பெரியவர் முதலில் சினந்து, பிறகு காப்பி கொடுத்து, 'இனி என்ன செய்வது தம்பி, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது' என்றாராம். உற்பத்தித் திங்களை எழுதித் தரத் தொடங்கியதில் இரண்டு திங்கள் விற்பனை குறைந்தது. சிலர் அதனைக் காட்டி விலை குறைத்துக் கேட்டனர். மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். பங்குனியோடு வேலை முடிகிறது என்று எழுதியிருக்கிறார். வணிகவியல் பட்டம் பெற்றவர். கணக்கும் கணிப்பொறியும் அறிந்தவர். ஊர்தி ஓட்டும் உரிமமும் உண்டு. நம் வாசகர்களுள் கடையோ ஆலையோ நடத்துவோர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் இத்தகைய ஒருவரை அமர்த்திக்கொள்ள விரும்பினால் இதழாசிரியருக்கு ஓர் அஞ்சல் எழுதுக; நாம் அவருக்குச் சேர்ப்பிப்போம்.